அழுதால் கை தளர்கிறது: மோயாமோயாவா, வேறு நோயா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. ஒன்றரை வருடமாக, அடம்பிடித்து அழும்போதெல்லாம் இடது கை தளர்ந்து தொங்கிவிடுகிறது. சில நேரம் வாயும் கோணுகிறது. ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். முதலில் வலிப்பு என்று வால்ப்ரோயேட் மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. பிறகு, "நம் கவனத்தை இழுப்பதற்காகச் செய்கிறாள்" என்றார்கள். போன மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் வலது மூளையில் பழைய சிறு பக்கவாதத் தடம் இருப்பதாகவும், ரத்தக்குழாய் அழற்சியா மோயாமோயாவா என்று பார்க்கவும் எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம் என்கிறார், இன்னொருவர் ஆஞ்சியோகிராம் செய்யச் சொல்கிறார். தொடை வழியாகக் குழாய் விடுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. மரபணுச் சோதனை மட்டும் போதாதா? 5 வயதுத் தம்பிக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மிகவும் பெறுமதியான தகவல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இல்லை, "அழும்போதெல்லாம்" என்ற சொல்லில் இருக்கிறது. விம்மி அழும் குழந்தை வேகவேகமாக மூச்சு விடுகிறது. அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, குறைந்தால் மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆரோக்கியமான மூளை அதைப் பொருட்படுத்தாது. ஆனால் பெரிய குழாய் ஏற்கெனவே குறுகிப்போன இடத்தில், அதற்கு அப்பாலுள்ள சிறு குழாய்கள் தங்களால் இயன்ற மட்டும் விரிந்து, கிடைக்கிற ரத்தத்தை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கும். அவையும் சுருங்கினால் அந்தப் பகுதி சில நிமிடம் பட்டினி கிடக்கிறது. எதிர்ப்பக்கக் கை தளர்கிறது. அழுகை ஓய்ந்து மூச்சு சீரானதும் கை திரும்பிவிடுகிறது. பலூன் ஊதுவது, புல்லாங்குழல் வாசிப்பது, சூடான உணவை ஊதி ஊதிச் சாப்பிடுவது, மூச்சிரைக்க ஓடுவது எல்லாம் இதையே செய்யும். மூளைக்குப் போகும் பெரிய தமனி கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும் நோய்தான் மோயாமோயா. குழந்தைகளுக்கு வரும் மோயாமோயாவில் இது பாடப்புத்தகத்தில் எழுதிவைத்தது போன்ற அடையாளம். நடிப்பு என்ற முடிவை இன்றோடு விட்டுவிடலாம், எம்.ஆர்.ஐ.யில் பக்கவாதத் தடம் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வலிப்பு என்று முதலில் நினைத்ததில் ஆச்சரியமில்லை. வலிப்பில் பெரும்பாலும் கை வெட்டி இழுக்கும், நினைவு மங்கும். ரத்தம் குறைவதால் வரும் தளர்ச்சியில் கை துவளும், குழந்தை விழித்துக்கொண்டு பேச்சைக் கேட்டபடி இருப்பாள். இந்த வேறுபாடும் எப்போதும் கைகொடுக்காது. மோயாமோயாவிலேயே கை உதறுவது உண்டு, உண்மையான வலிப்பும் சேர்ந்து வருவதுண்டு. அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போவதற்குள் ஒரு தாளில் ஒவ்வொரு நிகழ்வையும் எழுதிவையுங்கள். நாள், நேரம், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தாள், எந்தப் பக்கம், பேச்சு குழறியதா, நினைவு இருந்ததா, எத்தனை நிமிடம், அன்று காய்ச்சல், வாந்தி, தண்ணீர் குடிக்காதது ஏதாவது இருந்ததா. பக்கம் மாறியிருக்கிறதா என்பதைக் குறிப்பாக நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு முறையாவது வலது கை தளர்ந்திருந்தால் இரண்டு பக்கக் குழாய்களும் சிக்கலில் இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். தற்செயலாக நடக்கும்போது போனில் வீடியோ எடுத்தால் மிகவும் உதவும். வீடியோவுக்காக அவளை அழவிடவே கூடாது. ஒவ்வொரு தளர்ச்சியும் மூளையின் ஒரு பகுதி விளிம்பில் நிற்பதைக் காட்டுகிறது. ஒரு முறை அந்த விளிம்பைத் தாண்டியிருப்பதற்குச் சாட்சிதான் ஸ்கேனில் உள்ள தடம்.

இதே காரணத்துக்காக இன்னொரு எச்சரிக்கை. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும்போது மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வது வழக்கம். அப்போது மூளையில் மெதுவான மின்னலைகள் எழும். மோயாமோயா குழந்தைகளில், மூச்சு சீரான பிறகு அந்த மெல்லலைகள் அடங்கிவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் மறுபடி எழும். நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. பழைய இ.இ.ஜி.யில் மூச்சுப் பயிற்சி செய்திருந்தால் அந்தப் பகுதியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இனி புதிதாக எடுத்தால் அந்தப் பயிற்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி நோய்க்கு வருவோம். கழுத்து வழியாக மேலே ஏறும் உட்புறக் கரோட்டிட் தமனி, மண்டைக்குள் நுழைந்து இரண்டாகப் பிரியும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகுகிறது. அதை ஈடுகட்ட மூளையின் அடிப்பகுதியில் நூற்றுக்கணக்கான நூலிழைக் குழாய்கள் பெருகுகின்றன. ஆஞ்சியோகிராமில் அவை சிகரெட் புகை போல மங்கலாகத் தெரியும். ஜப்பானிய மொழியில் அந்த மங்கலுக்குப் பெயர் மோயாமோயா. 1957இல் அங்கேதான் முதலில் விவரித்தார்கள், 1969இல் சுசுகியும் டகாகுவும் இந்தப் பெயரை வைத்தார்கள். சுசுகி வகுத்த ஆறு கட்டங்களில் முதல் கட்டத்தில் தமனி குறுகியிருக்கும், ஆனால் புகைக் குழாய்கள் இன்னும் தோன்றியிருக்காது. ஆறாவது கட்டத்தில் அவை மறைந்தே போயிருக்கும். ஆகவே "மோயாமோயா குழாய்கள் தெரியவில்லை" என்ற ஒரு வரியை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ரிப்போர்ட் படிக்கும்போது பலரும் சறுக்கும் இடம் இது.

உங்கள் கையில் இருக்கும் எம்.ஆர்.ஐ.யை வீணாக்காதீர்கள். ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் பதித்த சி.டி.யை வாங்கி, குழந்தைகளின் மூளைப் படங்களைப் பார்த்துப் பழகிய நியூரோ ரேடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை சில. கரோட்டிட்டின் நுனியும் அதிலிருந்து கிளம்பும் முன், நடுத் தமனிகளும் இரண்டு பக்கமும் எப்படி இருக்கின்றன? மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா பகுதியில் வழக்கத்துக்கு மாறான கறுப்புப் புள்ளிகள் உண்டா? ரத்தம் ஓடும் குழாய் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத் தெரியும். ஒரே படத் துண்டில், ஒரே பக்கத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரிந்தால் அது புகைக் குழாய்களுக்குச் சான்று. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான ஃபிளேர் படத்தில் மூளையின் மடிப்புகளுக்குள் கொடி படர்ந்தது போல வெண்கோடுகள் இருக்கின்றனவா? ஐவி அடையாளம் என்று அவர்கள் சொல்லும் இது, ரத்தம் மெதுவாக ஊர்ந்து செல்வதைக் குறிக்கும். பழைய தடம் எங்கே இருக்கிறது, இரு தமனிகளின் எல்லைப் பகுதியிலா? அப்படியென்றால் அது ரத்தப் பற்றாக்குறையால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நுண்ணிய ரத்தக்கசிவு ஏதாவது உண்டா?

எம்.ஆர்.ஏ. என்ற ரத்தக்குழாய்ப் படம் எடுக்கவே இல்லை என்றால், அல்லது மங்கலாக இருந்தால், 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் மறுபடி எடுப்பது நல்லது. குழாய்ச் சுவரைக் காட்டும் படத்தையும், குழாயின் வெளி அளவைக் காட்டும் டி2 வகைப் படத்தையும், ஊசி தேவைப்படாத ஏ.எஸ்.எல். ரத்த ஓட்டப் படத்தையும் அதே அமர்வில் சேர்க்கச் சொல்லலாம். டி2 படம் எதற்கு என்றால், மோயாமோயாவில் குழாயின் உட்புறம் மட்டும் அடைபடுவதில்லை, குழாயே வெளிச் சுற்றளவிலும் வாடிச் சிறுத்துவிடுகிறது. அழற்சியில் சுவர் தடித்து உள்வழி குறுகுமே தவிர, குழாய் இப்படி மெலிவதில்லை. கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட பிறகு அழற்சியுள்ள சுவர் தடிமனாக, வளையமாக ஒளிரும். மோயாமோயாவில் பொதுவாக ஒளிர்வு இருக்காது, அல்லது மெலிதாக இருக்கும். அந்த மெலிதான ஒளிர்வைக் கண்டே அழற்சி என்று முத்திரை குத்திவிடுவதும் நடக்கிறது. சுவர்ப் படம் ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

ஸ்டீராய்டு பற்றிய கேள்வி இங்கேதான் வருகிறது. மூளை ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவது ஆபத்து. மோயாமோயாவாக இருந்தால் ஸ்டீராய்டு குறுகலைத் திருப்பாது, தேவையான அறுவைச் சிகிச்சைக்கு முன் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடும். எனவே பரிந்துரைத்தவரிடம், "அழற்சிக்கு என்ன ஆதாரம் கிடைத்திருக்கிறது?" என்று மரியாதையோடு கேளுங்கள். வாரக்கணக்கான தலைவலி, காய்ச்சல், குணத்திலும் படிப்பிலும் திடீர் மாற்றம், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளில் உயர்வு, முதுகுத்தண்டு நீரில் கூடுதல் அணுக்கள் என்று ஏதாவது இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் குழந்தைகளுக்கு மூளையின் பெரிய தமனிகளில் வரும் அழற்சியில் இந்தச் சோதனைகள் சரியாகவே வருவதும் உண்டு. எனவே அவை சரியாக இருந்தால் மட்டும் அழற்சி இல்லை என்று ஒதுக்க முடியாது. ஒன்றரை வருடமாக அழும்போது மட்டும் வந்து போகிற தளர்ச்சி, கூடவே இரு பக்கக் கரோட்டிட் நுனியிலும் குறுகல் என்றால் என் தராசு மோயாமோயா பக்கமே சாயும். முதுகில் நீர் எடுக்க முடிவானால் வலி தெரியாமல், அழாமல் எடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

இவ்விரண்டையும் தவிர வேறு சிலவும் இதே வேடம் போடும். கடந்த 12 மாதத்தில் சின்னம்மை வந்ததா என்று டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். அம்மைக் கிருமி மூளைத் தமனியைத் தாக்கிப் பக்கவாதம் வரவைக்கும். அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் வந்து, சில வாரங்கள் மோசமாகி, ஆறு மாதத்துக்குள் நிலைத்துவிடும். மோயாமோயா அப்படி நிற்காது, குறுகிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தில் மட்டும் குறுகல் இருந்து முடிவு தெளிவாகாவிட்டால், 3 முதல் 6 மாதம் கழித்து எடுக்கும் அடுத்த படம் வழக்கைத் தீர்த்துவிடும். இரண்டு கையிலும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். டகாயாசு என்ற பெருந்தமனி அழற்சியில் இரு கைக்கும் வேறுபாடு தெரியும். மோயாமோயாவிலும் சிறுநீரகத் தமனி குறுகி அழுத்தம் ஏறுவதுண்டு. அப்படி ஏறியிருந்தால் அதை மளமளவென்று குறைப்பது மூளைக்கு ரத்தத்தை மேலும் குறைத்துவிடும்.

மோயாமோயா என்று உறுதியானாலும் விசாரணை முடிவதில்லை. தானாக வந்ததா, வேறு நோயின் துணையாக வந்ததா என்று பார்க்க வேண்டும். பின்னதை மோயாமோயா சிண்ட்ரோம் என்பார்கள். இதில் பாதிக்கு வெறும் கண்ணும் கையும் போதும், ஆனாலும் அவசரத்தில் விட்டுப்போகிறது. உடைகளைக் களைந்து தோலைப் பார்க்க வேண்டும்: பருவமடையாத குழந்தைக்கு 5 மி.மீ.க்கு மேற்பட்ட பால்காபி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 என்ற மரபணு நோய் சந்தேகிக்கப்படும். டவுன் சிண்ட்ரோம் முகச்சாயல், முன்பு தலையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற வரலாறு ஆகியவையும் காரணமாகலாம். அரிவாள் செல் நோய்க்கு ஹீமோகுளோபின் வகைப்பாட்டுச் சோதனையும், தைராய்டுக்கு டி3, டி4, டி.எஸ்.எச். சோதனையும் எளிய ரத்தப் பரிசோதனைகள். கண்மணி எந்நேரமும் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருந்தால், பிறந்தபோது இதயத்தையொட்டி மூடாத ரத்த நாளமும் இருந்திருந்தால், அது ஏ.சி.டி.ஏ.2 என்ற மரபணுக் கோளாறு. அதில் தமனிகள் வளையாமல் கம்பி போல நேராக ஓடும், புகைக் குழாய்கள் வளர்வதில்லை. விழுங்கவே சிரமப்படும் குழந்தைக்கு மோயாமோயா இருந்தால் வேறொரு மரபணுவைத் தேட வேண்டும். இப்படி ஒவ்வொன்றும் வேறு வேறு வைத்தியத்துக்குக் கொண்டுபோகிறது.

உங்கள் மரபணுக் கேள்விக்குப் பதில் இங்கேயே முடிகிறது. 2011இல் கண்டறியப்பட்ட ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் கிழக்காசிய நோயாளிகளிடம் மிகப் பரவலாக இருக்கிறது, மற்ற மக்களிடம் அரிது. அந்த மாற்றம் இருந்தும் நோய் வராமல் வாழ்கிறவர்கள் ஏராளம், இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. இது மனச்சாய்வை மாற்றும், நோயை உறுதி செய்யாது. தமனி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை ரத்தத்துளி சொல்லாது.

இப்போது நீங்கள் பயப்படும் ஆஞ்சியோகிராம். நல்ல எம்.ஆர்.ஏ.யில் இரு பக்கமும் தெளிவாகத் தெரிந்தால் குழந்தைகளுக்கு நோயின் பெயரைச் சொல்ல அதுவே போதும் என்பது ஜப்பானிய அளவுகோல். ஆனால் எம்.ஆர்.ஏ. மெதுவாக ஓடும் ரத்தத்தையும் அடைப்பு என்று மிகைப்படுத்திக் காட்டிவிடும், நூலிழைக் குழாய்களைத் தவறவிடும். அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும் என்றாலோ அழற்சியா என்ற சந்தேகம் தீரவில்லை என்றாலோ, டி.எஸ்.ஏ. எனும் குழாய் ஆஞ்சியோகிராம் தேவை. உங்கள் மகளுக்கு இரண்டும் பொருந்துகின்றன. குழந்தைகளின் மூளை ஆஞ்சியோகிராமில் தேர்ந்தவர்கள் கையில், நரம்பு சார்ந்த பெரிய சிக்கல் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. என் கருத்தில், ஆஞ்சியோகிராமைவிட, அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் கவனக்குறைவே அதிக ஆபத்து.

முதலில் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது. இரண்டு உட்புறக் கரோட்டிட், இரண்டு வெளிப்புறக் கரோட்டிட், பின்பக்க வெர்டிப்ரல் தமனிகள் என ஆறையும் தனித்தனியாகப் படம் எடுக்க வேண்டும். வெளிப்புறக் கரோட்டிட்டை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் குறை, பிறகு மறுபடி குழாய் விட வேண்டிவரும். அந்தத் தமனியின் கிளைகள் மூளை உறை வழியாகத் தாமாகவே மூளைக்கு ரத்தம் கொடுக்க ஆரம்பித்திருக்கலாம். அது தெரியாமல் நியூரோ சர்ஜன் மண்டையைத் திறக்கும்போது அறுத்துவிட்டால் அன்றே பக்கவாதம் வரலாம். உச்சந்தலைத் தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைத்தான் பின்னால் மூளைமேல் பொருத்துவார்கள். அது எவ்வளவு தடிமன் என்பதும் இந்தப் படத்தில்தான் தெரியும்.

அடுத்தது தண்ணீர். மயக்கத்துக்காகக் காலையிலிருந்து பட்டினி போட்டு மாலையில் கூப்பிடுவது இந்த நோய்க்குக் கொஞ்சமும் ஆகாது. நாளின் முதல் கேஸாக வைக்கச் சொல்லுங்கள். முந்தைய இரவே டிரிப் ஏற்ற வேண்டும். 25 கிலோ குழந்தையின் அன்றாட நீர்த்தேவை ஏறத்தாழ 1,600 மி.லி., பல மையங்கள் அதில் ஒன்றரை மடங்கு கொடுக்கின்றன. தெளிந்த நீரை மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பது பொது விதி, உங்கள் மயக்க மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசி குத்தும் இடத்தில் மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவினால் அழுகையைத் தவிர்க்கலாம். மயக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு 35 முதல் 45க்குள் நிற்க வேண்டும், ரத்த அழுத்தம் அவளுடைய வழக்கமான அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இவை மயக்க மருத்துவரின் வேலை. உங்கள் வேலை, "மோயாமோயா சந்தேகம்" என்பது கோரிக்கைச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பதானாலும் இதே விதிகள்தான். முடிந்த பின் காலை நீட்டி 4 முதல் 6 மணி நேரம் படுத்திருக்க வேண்டும், பாதத்தில் நாடி பார்ப்பார்கள்.

குழாய்களின் வரைபடம் கிடைத்த பிறகு இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: மூளைக்கு இன்னும் எவ்வளவு கையிருப்பு உண்டு? ஸ்பெக்ட் போன்ற ரத்த ஓட்டப் படத்தை, சாதாரணமாக ஒரு முறையும் அசிடசோலமைடு மருந்து கொடுத்து ஒரு முறையும் எடுப்பார்கள். அந்த மருந்து குழாய்களை விரிக்கும். ஏற்கெனவே முழுவதும் விரிந்துவிட்ட பகுதியில் ஓட்டம் கூடாது, சில சமயம் குறையவும் செய்யும். அறுவைச் சிகிச்சை எவ்வளவு அவசரம், எந்தப் பக்கம் முதலில் என்பதை இது சொல்லும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். இந்தச் சோதனை செய்ய வசதி இல்லாத இடத்தில் ஏ.எஸ்.எல். படமும் ஐவி அடையாளமும் ஓரளவுக்கு உதவும். இதற்காகக் காத்திருந்து மாதங்களைக் கடத்த வேண்டாம்.

இத்தனையும் முடியும் வரை வீட்டில் செய்ய வேண்டியது: பகல் முழுக்கத் தண்ணீர், பள்ளிப் பையில் எப்போதும் பாட்டில். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து குடிக்க முடியாமல் போனால் அன்றே டிரிப் ஏற்ற மருத்துவமனைக்குப் போக வேண்டும். வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதிக்கொடுங்கள்: அழவிடாமல் சமாதானப்படுத்த வேண்டும், கை தளர்ந்தால் படுக்கவைத்து உடனே கூப்பிட வேண்டும். ஆஸ்பிரின் பெரும்பாலும் கொடுப்பார்கள், ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 5 மி.கி. என்ற அளவில். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். அவள் வால்ப்ரோயேட் சாப்பிடுவதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஆஸ்பிரின் ரத்தத்தில் அதன் வீரியத்தைக் கூட்டிவிடும். எழுதிக்கொடுப்பவரிடம் அந்த மாத்திரையைக் காட்டாமல் ஆஸ்பிரின் தொடங்காதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் காலத்தில் ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய் சிண்ட்ரோம் அபாயம் உண்டு, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தளர்ச்சி வழக்கமான நேரத்தைத் தாண்டினால், பேச்சு போனால், திடீரென்று கடுமையான தலைவலியோடு வாந்தி வந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் "கை வலி" என்றோ "வலிப்பு" என்றோ சொல்லாமல், "மூளை ரத்தக்குழாய் குறுகல் சந்தேகம், பக்கவாத அறிகுறி தொடங்கி இவ்வளவு நிமிடம்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். சி.டி.யும் நீங்கள் எழுதிய தாளும் பையிலேயே இருக்கட்டும்.

தம்பிக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டாம். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்து, மற்ற குழந்தைக்கு எந்த அறிகுறியும் இல்லாதபோது வழக்கமாக ஸ்கேன் எடுப்பதில்லை. நெருங்கிய உறவில் இரண்டாவது ஆளுக்கு இருந்தாலோ, மகளின் நோய் மரபணுவழி சிண்ட்ரோம் என்று தெரிந்தாலோ, அவனுக்கும் கை தளர்வதோ காரணமில்லாத தலைவலியோ தொடங்கினாலோ, மயக்கமில்லாமல் எடுக்கும் ஒரு எளிய எம்.ஆர்.ஏ. போதும். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை வழியில் இளம் வயதிலேயே பக்கவாதமோ மூளை ரத்தக்கசிவோ வந்தவர்கள் உண்டா என்று விசாரித்து, அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.